முத்தும் புழுவும்

தூத்துக்குடி என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவன இரண்டு. ஒன்று, 1906-ஆம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, மற்றொன்று முத்து. முத்தைப் பற்றிக் கொற்கைக் காலந்தொட்டுப் புலவர்களும் வணிகர்களும் யாத்திரிகர்களும் பேசிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயண நூல் ஒன்று, கொற்கையிலே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்த செய்தியைச் சொல்லுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுவோர் இங்கே இருந்ததை வியந்து எழுதியிருக்கிறார். ஆகையால் இவ்வாரம் நாம் முத்தின் பெருமையைப் பாடப் போவதில்லை. முத்துச் சிப்பி கிடக்கும் அதே கடலடியில், மணலுக்குள்ளும் பாறை இடுக்கிலும் ஓசையின்றிக் குடித்தனம் நடத்தும் புழுவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

புழு என்ற சொல்லைக் கேட்டதும் நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். தமிழில் ஒருவனை இழித்துரைக்க வேண்டுமானால் 'புழு' என்கிறோம். கத்தரிக்காயில் கண்டால் தூர எறிகிறோம். ஆனால் ஒரு காலத்தில், அரசிகளின் கழுத்தை அலங்கரிக்கும் முத்துக்குத் தந்தை இந்தப் புழுவே என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி வந்தார்கள். அந்த வழக்கு சுவையானது. அதிலிருந்தே தொடங்குவோம்.

சுவாதி நட்சத்திரத்திலே பெய்யும் மழைத்துளி, வாய் திறந்து காத்திருக்கும் சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது நம் பாட்டிமார் சொல்லிய கதை. ரோமாபுரியிலும் இதையொத்த கதை உண்டு. அங்கே மழைக்குப் பதில் பனித்துளி. பத்துப் பாக ஆழத்தில் கிடக்கும் சிப்பிக்கு மழைத்துளி எப்படிப் போய்ச் சேரும் என்று குளியாளிகளைக் கேட்டிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறக்குறைய ஆறடி.) இலங்கையிலே பிறந்த கெலார்ட் என்ற வைத்தியர் 1857 முதல் சில வருஷ காலம் மன்னார் வளைகுடாவின் சிப்பிகளை ஆராய்ந்து, சிப்பியின் உடலுக்குள் நுழையும் ஒருவகைப் புழுக்களுக்கும் முத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று எழுதினார். அவர் 1860-இல் காலமாகிவிட்டார். விஷயம் நாற்பது வருஷம் உறங்கிற்று.

அதை எழுப்பியது பணக்கவலை. இலங்கைக் கரையில் 1891-ஆம் வருஷத்துக்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சர்க்காரின் வருமானம் போயிற்று. சிப்பிகள் ஏன் மறைந்தன என்று கண்டறிய லிவர்ப்பூல் சர்வகலாசாலையிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவரை அழைத்தார்கள். 1902-ஆம் வருஷத் தொடக்கத்தில் அவர் தம் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னலுடன் வந்து, பார் பாராகக் கடலடியை வாரி எடுத்துப் பார்த்தார். நம் கடற்கரையிலே 'பார்' என்பது கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டு; சிப்பி ஒட்டிக்கொண்டு வளர்வது அதன் மேலேதான். தூத்துக்குடிப் பக்கத்துத் தொலையிரம் பார் பெயர் பெற்றது.

ஹெர்ட்மனும் ஹார்னலும் சிப்பியின் தசைக்குள்ளே கடுகினும் சிறிய வெண்மணிகள் போன்ற புழுக் குஞ்சுகளைக் கண்டார்கள். நாடாப் புழுவின் இளம் பருவம் என்று அவற்றை மதித்தார்கள். இந்தக் குஞ்சு சிப்பிக்குள் மடியும்போது, சிப்பி அதைச் சுற்றிப் பளபளப்பான முத்துச் சத்தைப் பூசிப் பூசிச் சமாதி கட்டுகிறது. அந்தச் சமாதிதான் முத்து என்பது அவர்கள் கொள்கை. மடியாத குஞ்சுகளின் கதியோ இன்னும் விசித்திரமானது. சிப்பியைக் கிளாத்தி மீன் கடித்துத் தின்னும். கிளாத்தியைத் திருக்கை விழுங்கும். திருக்கையின் வயிற்றிலே புழு முழு வளர்ச்சி பெற்று முட்டையிடும். முட்டை மீண்டும் கடலில் கலந்து சிப்பியை வந்தடையும். அந்தப் புழுவுக்கு அவர்கள் குழுவினர் இட்ட லத்தீன் பெயரில் 'முத்தாக்கி' என்று பொருள்படும் சொல் ஒன்று இருந்தது. சிப்பிக்குப் பரம சத்துருவாகிய திருக்கையே முத்துக்கும் மூல காரணம் என்றால், திருக்கையை ஒழிப்பதா, காப்பதா? அதிகாரிகளுக்கு நல்ல தர்மசங்கடம்.

கதை அழகாக இருந்தது. அழகாக இருந்ததே அதன் குறையும் ஆயிற்று. லிஸ்டர் ஜேம்ஸன் என்ற மற்றோர் ஆராய்ச்சியாளர் 1912-இல் இக்கொள்கையை மறுத்தார். இதிலே வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியக் கடலின் மட்டிகளில் முத்து உண்டாவது ஒரு தட்டைப் புழுவின் குஞ்சினால்தான் என்று 1902-இல் எழுதியவரும் இதே ஜேம்ஸன்தான். நம் வளைகுடாச் சிப்பிக்கு மட்டும் அது பொருந்தாது என்றார். சிப்பிக்குள் புழு இருக்கிறது, முத்தும் இருக்கிறது. ஆனால் ஒரே வீட்டில் இருவர் குடியிருப்பதால் ஒருவர் மற்றவருக்குத் தகப்பனாகிவிட முடியுமா என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பிற்காலத்து அனுபவம் ஜேம்ஸனின் பக்கமே பேசிற்று. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் போர்வைபோல் கிடக்கும் மெல்லிய தசை ஒன்று சிப்பிக்கு உண்டு. முத்துச் சத்தைச் சுரப்பது அதுவே. அத்தசையின் மேற்புறத்து அணுக்கள் இடம் மாறி உடலுக்குள்ளே சென்று ஒரு சிறு பையாக வளர்ந்துவிட்டால் அங்கே முத்து உருவாகிறது. ஜப்பானியர் இந்த ரகசியத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கைப்பற்றிப் பெரும் வியாபாரமாக்கினார்கள். நம் நாட்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி அவர்களும் உடனிருந்தோரும் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் 1973-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். ஓடு கடைந்த மணி ஒன்றும், போர்வைத் தசையின் சிறு துண்டு ஒன்றும் போதும், புழு வேண்டியதில்லை. இவ்வாறாகப் புழுவின் முத்துப் பட்டம் பறிபோயிற்று.

பட்டம் போனால் போகட்டும். அந்த வழக்கைத் தீர்க்கப் போனவர்கள் வாரியெடுத்த மணலிலும் பாறைத் துண்டிலும் வேறொரு புதையல் இருந்தது. ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக லண்டனில் வெளியாயிற்று. முத்துக்கென்று தொடங்கிய அந்நூலில் கடற்பஞ்சு, நண்டு, நட்சத்திர மீன், நத்தை என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிபுணர் எழுதினார். புழுக்களைப் பற்றி எழுதியவர் அப்போது கொழும்பு மியூசியத்தின் தலைவராயிருந்த ஆர்தர் வில்லி. உடல் முழுதும் வளையம் வளையமாகி, ஒவ்வொரு வளையத்தின் இரு புறமும் துடுப்புப் போன்ற தசையும் மயிர்க்கற்றையும் கொண்ட கடற்புழுக்களே அவர் எடுத்துக்கொண்ட பொருள். விஞ்ஞானிகள் இவற்றைப் 'பாலிக்கீட்டா' என்பார்கள். நாம் மயிர்க்கால் புழுக்கள் என்று சொல்லிக்கொள்வோம். உலகத்துக் கடல்களில் இவற்றின் இனங்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டுக் கணக்கில் ஏறியிருக்கின்றன.

பாரில் வாழும் இக்குடிகளின் தொழிலும் குணமும் பலவிதம். ஒன்று மணல் துணுக்கையும் சிப்பி ஓட்டுத் தூளையும் பசையால் ஒட்டித் தனக்கென்று ஒரு குழாய் வீடு கட்டும். கொத்தனார் கல் பொறுக்குவது போல ஒத்த அளவுள்ள துணுக்காகப் பார்த்து எடுக்கும். மற்றொன்று சுண்ணாம்பைச் சுரந்து வெள்ளைக் குழாய் செய்து, அதன் வாயிலே மயிற்பீலி விசிறிபோல் ஒரு கொத்தை விரித்துத் தண்ணீரில் மிதக்கும் இரையை வடிகட்டும்; நிழல் பட்டாலே கொத்து உள்ளே மறைந்துவிடும். இன்னொன்றின் முதுகில் மீனுக்கிருப்பது போல் செதில் அடுக்கு. வேறொன்று கூரிய தாடையுடைய வேட்டைக்காரன். ஓர் அங்குலத்துக்குள் அடங்குவனவும் உண்டு; முழ நீளத்துக்கு மேல் வளர்வனவும் உண்டு.

வெப்பமும் வெளிச்சமும் நிறைந்த நம் வளைகுடாவில் இத்தனை வகை இருப்பதில் வியப்பென்ன, வடதுருவத்தை அடுத்த குளிர்ந்த ஆழ்கடலில் என்ன இருக்கப் போகிறது என்று ஒருவர் கேட்கலாம். எட்வர்டு போர்ப்ஸ் என்ற பேராசிரியரும் அப்படித்தான் எண்ணினார். 300 பாகத்துக்குக் கீழே உயிரே இராது என்று 1843-இல் அவர் ஊகித்தார். நார்வே தேசத்தில் பாதிரியாராயிருந்து பிறகு பேராசிரியரான மைக்கேல் சார்ஸும் அவர் குமாரரும் தங்கள் நாட்டுக் கடலை வாரிப் பார்த்தார்கள். அவ்வாழத்துக்கும் கீழேயிருந்து புழுவும் நத்தையும் பிறவும் வலை நிறைய வந்தன. நார்வேக் கடலின் அடித்தளத்தில் தண்ணீரின் உஷ்ணம் பூஜ்ய டிகிரிக்கும் கீழே இருக்கிறது. உப்பு இருப்பதால் உறைவதில்லை. அந்த நித்திய இருளிலும் புழுக்களுக்குக் குறைவில்லை.

எவ்வளவு குறைவில்லை என்பதை 1992-இல் வெளியான ஒரு கணக்கு காட்டிற்று. அமெரிக்காவின் கீழ்க்கரைக்கு அப்பால், 1,500 மீட்டருக்கும் கீழேயுள்ள குளிர்ந்த சேற்றைக் கட்டங்கட்டமாக வெட்டியெடுத்து, கிராஸில், மாசியோலெக் என்ற இருவர் அதில் இருந்த பிராணிகளை ஒவ்வொன்றாக இனம் பிரித்தார்கள். எடுத்த சேறு அனைத்தையும் பரப்பினால் 21 சதுர மீட்டர். அதாவது நம் வீடுகளில் பதினைந்தடிக்குப் பதினைந்தடியான ஒரு கூடம். அந்தக் கூடத்துக்குள் 798 இனங்கள்! கிட்டத்தட்டப் பாதி மயிர்க்கால் புழுக்கள். இவை கண்ணால் காணத் தக்கவை மட்டுமே. மோலி மேர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1942-இல், சல்லடையில் தங்காமல் நழுவிவிடும் நுண்ணிய கடலடிப் பிராணிகளைத் தனி வகுப்பாகப் பிரித்துப் பெயரிட்டார். நூலினும் மெல்லிய உருளைப் புழுக்கள் அவ்வகுப்பில் தலையாயவை. ஒரு சதுர மீட்டர் சேற்றில் பத்து லக்ஷத்துக்கு மேலும் இருக்கும்.

வடகடல் புழு ஒன்றின் கதையை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்வீடன் தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள ஒரு கடற்கழியின் சேற்றிலிருந்து 1915-இல் சிக்ஸ்டன் போக் என்பவர் இரண்டங்குலம்கூட இல்லாத ஒரு புழுவை எடுத்தார். வாய் உண்டு, கழிவு வாய் இல்லை, மூளை என்று சொல்லத்தக்கது இல்லை. எந்தக் குலத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் அது ஜாடிக்குள் கிடந்தது. 1949-இல்தான் வெஸ்ட்பிளாட் என்பவர் அதற்கு 'ஸீனோடர்பெல்லா' என்று பெயரிட்டார். 1997-இல் அதன் மரபணுவைச் சோதித்தவர்கள், இது புழுவே அன்று, சிப்பியின் உறவு என்று பிரகடனம் செய்தார்கள். ஆறு வருஷம் கழித்து உண்மை வெளிப்பட்டது: அந்தப் புழு சிப்பியைத் தின்றிருந்தது, சோதித்தவர்கள் கண்டது அதன் இரையின் மரபணுவை! மன்னார் வளைகுடாவிலே சிப்பிக்குள் புழுவைப் பார்த்து மயங்கினார்கள். வடகடலிலே புழுவுக்குள் சிப்பியைப் பார்த்து மயங்கினார்கள்.

நம் கரையிலும் இப்படிக் குலம் மயக்கும் புழு உண்டு. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் மணலில் வாழும் 'டைகோடெரா' என்பது பார்வைக்கு மஞ்சள் நிறமான வழவழத்த புழு, முதுகெலும்பு கிடையாது. ஆயினும் மண்புழுவைக் காட்டிலும் முதுகெலும்புள்ள நமக்கே அது நெருங்கிய உறவு என்பது உயிர்நூலார் துணிபு. விலங்கியல் படிக்கும் மாணவர்கள் அத்தீவை யாத்திரைத் தலமாகக் கருதுவதற்கு அந்தப் புழுவும் ஒரு காரணம். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த கிரேவ்லி 1927-இல் குருசடைத் தீவின் பிராணிகளைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார்.

இனித் தூத்துக்குடிக்கே மீள்வோம். முத்தை ஆக்கியதாகப் பெயர் பெற்ற புழு வேறு. முத்துச் சிப்பியைத் தொல்லைப்படுத்தும் புழு வேறு. 'பாலிடோரா' என்னும் சிறு மயிர்க்கால் புழு சிப்பியின் ஓட்டைத் துளைத்து வளைந்த பாதை செய்து, அதில் சேற்றை அடைத்துக்கொண்டு வாழும். உட்புறம்வரை துளை வந்துவிட்டால், சிப்பி அவ்விடத்தில் முத்துச் சத்தைப் பூசி அடைக்கும். அங்கே கருத்த கொப்புளம் ஒன்று எழும். புழு மேலும் துளைக்கும், சிப்பி மேலும் பூசும். சதை வளர்க்க வேண்டிய சத்தெல்லாம் வீட்டுச் சுவரைப் பழுது பார்ப்பதிலேயே செலவானால் குடும்பம் எப்படித் தழைக்கும்? வேப்பலோடைப் பண்ணையில் சிப்பிகளை வளர்க்கத் தொடங்கியபோது இப்புழுவின் உபத்திரவம் நன்றாகத் தெரிந்தது. சிப்பியைச் சுரண்டித் துடைப்பதும், நல்ல தண்ணீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வைப்பதும் பரிகாரம். சிப்பி இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு தாங்கும். புழுவுக்கு மூடுவதற்குக் கதவு இல்லை. (தோணிகளின் அடிமரத்தை அரித்துத் தின்னும் 'கப்பல் புழு'வையும் இந்தக் குற்றவாளிகளோடு சேர்த்துவிட வேண்டாம். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பியின் ஜாதி.)

திருட்டுத் தொழில் செய்வது சிலவே. மற்றவை செய்யும் உபகாரத்தை அறிய வேண்டுமானால் சங்கைப் பார்க்க வேண்டும். முத்துக்குளிப்பு இல்லாத வருஷங்களிலெல்லாம் தூத்துக்குடிக் குளியாளிகளுக்குச் சோறு போட்டது சங்கு. மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்குகள் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் சென்று, வாளால் அறுக்கப்பட்டு வளையல்களாயின. வங்காளத்துச் சுமங்கலியின் கையில் சங்கு வளை இருக்க வேண்டுமென்பது அந்நாட்டு வழக்கம். ஹார்னல் 1914-இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இந்தச் சங்கு எதைத் தின்று வளர்கிறது? மணலுக்குள் குழாய் கட்டி வாழும் மயிர்க்கால் புழுக்களை! துதிக்கை போன்ற வாயை மணலுக்குள் நீட்டிப் புழுவைப் பற்றும். புழு செழித்த மென்மணலில் சங்கு உண்டு. புழு அற்ற தரையில் சங்கு தங்காது. கோயிலில் ஊதும் சங்கும், மணப்பெண் அணியும் வளையும், நாம் முகம் சுளித்த அந்தப் பிராணியின் உடலிலிருந்து வந்த சத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

புழுவை நம்பியிருப்பது சங்கு மட்டுமா? அடியில் மேயும் மீன்களும் இறாலும் நண்டும் புழுவைத் தின்றே கொழுக்கின்றன. மண்புழு நிலத்தை உழுவதை டார்வின் 1881-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கடற்புழுவும் அதே உழவைச் செய்கிறது. மேலேயிருந்து விழும் அழுகலை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் செரித்து, தன் வளையின் வழியே நல்ல தண்ணீரை உள்ளே செலுத்துகிறது. அந்த உழவு நின்றால் கடலடிச் சேறு கறுத்து நாறும். அப்படிக் கெட்ட சேற்றில் நூறு வகைக்குப் பதிலாக இரண்டொரு வகையே கோடிக்கணக்கில் பெருகும். 'காபிடெல்லா' என்னும் சிவந்த மெல்லிய புழு அவற்றில் பேர்போனது. சாக்கடை கலக்கும் துறைமுகங்களில் ஒரு கைப்பிடிச் சேற்றை எடுத்து, அதிலுள்ள புழு எத்தனை வகை என்று எண்ணினாலே அந்தக் கடலின் நாடியைப் பிடித்துப் பார்த்ததாகும்.

இதைத் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது அவசியமாகிறது. 1955 முதல் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றது. அதன்பின் பார்களில் சிப்பி குளிக்கும்படியாக விளையவில்லை. 1974-இல் கடலுக்குள் நீண்ட இரு கல்லணைகளுக்கு நடுவே புதிய துறைமுகம் திறக்கப்பட்டது, வ. உ. சி. அவர்களின் பெயரை அது 2011 முதல் தாங்கி நிற்கிறது. ஊர் வளர்ந்தது, தொழிற்சாலைகள் வந்தன, அவற்றை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இழுவை வலைகள் கனமான பலகைகளைக் கட்டிக்கொண்டு கடலடியைச் சுரண்டிச் செல்லும்போது, மணலோடு புழுவின் குழாய் வீடுகளும் பெயர்கின்றன. ஒரு முறை பெயர்ந்தால் மீண்டும் கட்டிக்கொள்ளும். நாள் தவறாமல் பெயர்த்தால் என் செய்யும்? புழு போனால் சங்கு போகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளையும் சுற்றிய கடலை 1986-இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பவளப் பாறைக்கும் கடற்பசுவுக்கும் அதனால் ஆதரவு கிடைத்தது. மணலடிப் புழுவுக்காகப் பரிந்து பேச யாரும் மேடை ஏறக் காணோம்.

இன்னொரு விஷயம். நம் கடற்புழுக்களை விவரித்து இன்றும் மாணவர்கள் புரட்டும் பெரு நூல் 1953-இல் வெளிவந்தது. அதை எழுதியவர் பிரான்ஸ் தேசத்து ஆஞ்ஜே நகரத்துப் பேராசிரியர் பியர் போவெல். சென்னை மியூசியத்தின் சேகரத்தைப் பற்றி 1930-இல் எழுதியவரும் அவரே. அந்நியர் எண்ணினார்கள் என்பதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமன்று; எண்ணியதற்காக நன்றியே கூற வேண்டும். மண்டபத்திலுள்ள ஆராய்ச்சி நிலையமும், தூத்துக்குடியில் 1977-இல் ஏற்பட்ட மீன்வளக் கல்லூரியும் இப்போது நம்மிடம் இருக்கின்றன; நம் பிள்ளைகள் அங்கே நுண்காட்டி வைத்து வேலை செய்கிறார்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகி அலமாரிக்குள் போய்விடுகிறது. சங்கு குளிப்பவரோ இன்ன மணலில் இரை உண்டு, இன்ன மணலில் இல்லை என்பதைக் கையால் தொட்டே சொல்லிவிடுகிறார். அவர் வாயில் வழங்கும் பெயர்கள் எந்த அகராதியிலும் ஏறவில்லை. இவ்விருவரையும் ஒரே தோணியில் ஏற்றி ஒரு பருவம் முழுவதும் பார் பாராக அனுப்பினால் தமிழில் ஒரு நல்ல புத்தகம் கிடைக்கும். அதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல முத்து மாலையின் விலைக்கு மேல் போகாது.